ஹெட்டில் முறிந்து நிற்கும் டேப்: ஈஸி அவுட் முதல் ஸ்பார்க் எரோஷன் வரை, காசு கொடுக்கத் தகுந்தது எது?

எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் சைலன்சரைப் பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்தால் அது அரை நாள் வேலை. அதை எடுக்க இறக்கிய ஈஸி அவுட்டோ (முறிந்த போல்ட்டைத் திருப்பி எடுக்கும் கருவி), மரை வெட்ட இறக்கிய டேப்போ உள்ளேயே முறிந்துவிட்டால், வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. 8.8 தர போல்ட்டின் கடினம் ராக்வெல் சி அளவில் 22-லிருந்து 32 வரைதான். பட்டறையில் இருக்கும் சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) ட்ரில் பிட்டுக்கு அது வெண்ணெய். எச்.எஸ்.எஸ். டேப்பின் கடினமோ 62-லிருந்து 65. ட்ரில் பிட்டும் அதே உலோகம், அதே கடினம். இரண்டும் மோதினால் மழுங்குவது ட்ரில்தான். சுற்றியிருக்கும் அலுமினியம் இரண்டையும்விட மெத்தென்று இருப்பதால், வழுக்கும் ட்ரில் பக்கவாட்டில் ஹெட்டைத் தின்னத் தொடங்கும். ஹெட் வீணாகும் பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. போல்ட் முறிந்ததால் ஹெட் போவதில்லை. முறிந்ததை எடுக்கப் போன கருவியால் போகிறது.

ஆகவே கடையில் விற்கும் கருவிகளையும், மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் பட்டறைகள் செய்து தரும் வேலையையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். பைக், கார் எஞ்சின்களில் அதிகம் தகராறு செய்யும் எம்6, எம்8, எம்10 (6, 8, 10 மி.மீ. போல்ட்டுக்கான) ஓட்டைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஈஸி அவுட் செட்

எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பது இதுதான். ஐந்து அல்லது ஆறு துண்டுகள், சில நூறு ரூபாய். இடப்பக்கம் சுழலும் புரி, முனையில் சிறுத்துப் போகும் வடிவம், மேலே சதுரத் தலை. 1-ஆம் எண் 3 முதல் 6 மி.மீ. போல்ட்டுக்கு, 2-ஆம் எண் 6 முதல் 8 வரை, 3-ஆம் எண் 8 முதல் 11 வரை என்று பெட்டியில் போட்டிருப்பார்கள்.

இதன் குறை தயாரிப்பில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எம்8 போல்ட்டின் மரைக்கு அடியிலுள்ள விட்டம் ஏறக்குறைய 6.5 மி.மீ. அந்த முழுத் தடிமனோடு இருந்தபோதே துருவின் பிடியை மீறிச் சுழல முடியாமல்தான் அது முறிந்தது. இப்போது அதன் நடுவில் 4 மி.மீ. ஓட்டை போட்டு, அதற்குள் நுழையும் ஒரு துண்டை வைத்து அதே பிடியை மீறப் பார்க்கிறோம். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், குறையும். 4-ஐ 6.5-ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் கால் பங்குகூட வராது. ஈஸி அவுட்டின் எஃகு போல்ட்டைவிட இரண்டு மடங்கு பலம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் பாதியைத் தொடுவதே கடினம். போதாக்குறைக்கு, ஆப்பு வடிவில் இருப்பதால் திருப்பத் திருப்ப போல்ட்டின் சுவரை வெளியே தள்ளி மரையோடு இன்னும் இறுக்குகிறது. ஓட்டையைப் பெரிதாகப் போட்டுச் சுவர் மெலிந்திருந்தால் இந்தத் தீங்கு இன்னும் அதிகம்.

அப்படியானால் ஈஸி அவுட் எதற்கு ஆகும்? அதிகமாக முறுக்கியதால் தலை மட்டும் அறுந்த போல்ட்டுக்கு, பக்கவாட்டு அடியில் முறிந்த போல்ட்டுக்கு, மரைப் பசையான லாக்டைட் மட்டுமே பிடித்திருந்து சூடு பட்டதும் இளகும் போல்ட்டுக்கு. சுருங்கச் சொன்னால், மரை துருவால் பிடிக்காத எதற்கும் நன்றாக வேலை செய்யும். வெப்பமும் உப்பும் ஈரமும் பட்டு வருடக்கணக்கில் இறுகிய சைலன்சர் ஸ்டட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எவ்வளவு விலை உயர்ந்த செட்டாக இருந்தாலும் சரி.

பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் புரி உள்ளதை விட்டுவிட்டு, நேர்க்கோட்டுப் பற்கள் கொண்டதை வாங்குங்கள். அது ஆப்புபோலப் பிதுக்காது. திருப்புவதற்கு ஸ்பேனரை மாட்டாமல் இரண்டு கைப்பிடியுள்ள டேப் ஹேண்டிலை மாட்டுங்கள். ஒற்றைப் பக்க இழுப்பில் பக்கவாட்டு வளைவு சேரும்; கடினமான எஃகு முறுக்கைத் தாங்கும் அளவுக்கு வளைவைத் தாங்காது. கைக்குள் ஸ்பிரிங் போல ஒரு நெகிழ்வு தெரிந்தால் அதுவே எச்சரிக்கை. அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இடம்புரி ட்ரில் பிட்: முதலில் வாங்கவேண்டியது

இதே காசுக்கு மூன்று இடம்புரி ட்ரில் பிட் வாங்கினால் பயன் பல மடங்கு. கடைக்காரரிடம் 'லெஃப்ட் ஹேண்ட் ட்ரில்' என்று கேட்க வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்காது, வரவழைத்துத் தருவார்கள். 3, 5, 6.5 மி.மீ. மூன்றும் இருந்தால் எம்6, எம்8 வேலைகள் நடந்துவிடும். ட்ரில் மெஷினை ரிவர்ஸில் ஓட்டித் துளைக்கும்போது, வெட்டும் விசையே போல்ட்டைக் கழற்றும் திசையில் தள்ளுகிறது. துளைக்கும் சூடு, நடு உலோகம் போனதால் தளரும் இறுக்கம், இந்தத் தள்ளல் மூன்றும் சேர்ந்து பல நேரங்களில் போல்ட் தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, எப்படியும் போடவேண்டிய ஓட்டைதான் அது. கடினமான எதுவும் உள்ளே முறிந்து சிக்கவும் இல்லை. ட்ரில் பிட்டே முறியாமலிருக்க அழுத்தத்தை அளவாக வைத்து, கட்டிங் ஆயில் விட்டு, இடையிடையே வெளியே எடுத்துச் சீவலைத் துடைக்க வேண்டும்.

இங்கே வெற்றியும் தோல்வியும் நடுப்புள்ளியில் இருக்கிறது. முறிந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும். பஞ்ச் வைத்துக் குத்தினால் புள்ளி சரிவில் ஓடும். எட்டும் இடமென்றால் முதலில் சின்ன கிரைண்டிங் கல்லால் முகத்தைச் சமமாக்குங்கள். ஓட்டைக்குள் ஆழத்தில் முறிந்திருந்தால் ட்ரில்லை நடுவில் நிறுத்த லேத்தில் ஒரு புஷ் (சின்னக் குழாய்) கடைந்துகொள்வதுதான் வழி: எம்8 ஓட்டையென்றால் மரைக்குள் வழுக்கி இறங்கும்படி 6.6 மி.மீ. வெளிவிட்டம், நடுவில் 3 மி.மீ. துளை. சைலன்சர் ஸ்டட்டுக்கு இன்னொரு வழி உண்டு. சைலன்சர் குழாயின் பழைய ஃபிளாஞ்சை (விளிம்புத் தகடு) மீதமிருக்கும் ஸ்டட்டில் மாட்டி இறுக்கி, அதன் ஓட்டையில் புஷ்ஷை வைத்தால் நடு தானாக அமையும். பத்து நிமிட லேத் வேலைக்குக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

நடு சரியாக அமைந்துவிட்டால் கடைசிவரை போகலாம். எம்6-க்கு 5.0, எம்8-க்கு 6.8, 1.25 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி) எம்10-க்கு 8.8 மி.மீ. என்று டேப் ட்ரில் அளவு (மரை வெட்டும் முன்பு போடும் ஓட்டையின் அளவு) வரை துளைத்தால் போல்ட்டின் உடல் முழுதும் போய், மரை மட்டும் கம்பிச் சுருள் போல ஓட்டையில் ஒட்டியிருக்கும். ஊசிமுனையால் ஒரு நுனியைக் கிளப்பி மூக்குக் குறட்டால் இழுத்தால் சுருளாகவே வந்துவிடும். அசல் மரை அப்படியே நிற்கும்.

இதற்கெல்லாம் முன்பு சூடு. எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. எம்8 ஓட்டையைச் சுற்றி ஹெட்டை 100 டிகிரி கூடச் சூடேற்றினால், போல்ட்டும் அதே அளவு சூடாகியிருந்தாலும் இடையில் 9 மைக்ரான் அளவுக்கு இடைவெளி கூடும். சிறிதுதான், ஆனால் துருவின் பிடியை உடைக்கவும் ஊடுருவும் எண்ணெய் உள்ளே இறங்கவும் அது போதும். ஹாட் ஏர் கன் போதுமானது. கேஸ் கட்டிங் டார்ச்சை அலுமினிய ஹெட்டின் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும், கண்ணுக்குத் தெரியாது.

நட் வைத்து வெல்டிங்

முறிந்த போல்ட் முகப்பளவிலோ சற்று மேலேயோ இருந்தால், ஒரு அளவு பெரிய நட்டை மேலே வைத்து அதன் ஓட்டை வழியாக மிக் வெல்டிங் போடுவது அருமையான வழி. எஃகு வெல்டிங் அலுமினியத்தோடு பிடிக்காது என்பதால் ஹெட் தப்பிக்கும். சூட்டில் போல்ட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துரு உடையும். வெல்டிங் சிவப்பு மங்கியதும் ஸ்பேனர் போட்டு இரு பக்கமும் மெல்ல ஆட்ட வேண்டும். ஒரே முயற்சியில் வராது. மூன்று நான்கு நட் முறிந்த பிறகு வருவதெல்லாம் சாதாரணம். வார்ப்பிரும்பு பிளாக்கில் இதைச் செய்தால் வெல்டிங் பிளாக்கோடும் ஒட்டக்கூடும்; முதலில் ஒரு வாஷரை வைத்து அதன் நடுவில் மட்டும் குமிழ் எழுப்பிக்கொண்டு, பிறகு நட்டை வைப்பது நல்லது. வண்டியிலேயே வைத்துச் செய்வதென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

டேப் முறிந்திருந்தால் இந்த வழி அரைகுறைதான். எச்.எஸ்.எஸ். மேல் போட்ட வெல்டிங் நொறுங்கும் தன்மையோடு நிற்கும். ஈஸி அவுட்டுக்கும் அதே கதை.

டேப் எக்ஸ்ட்ராக்டர்

இது ஈஸி அவுட்டின் தம்பியல்ல. முற்றிலும் வேறு கருவி. டேப்பின் உடலில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களுக்குள் மெல்லிய எஃகு விரல்களை இறக்கி, அவற்றால் டேப்பைப் பிடித்துத் திருப்புவது. அமெரிக்காவின் வால்டன் நிறுவனத்தின் பெயராலேயே இதைக் கேட்பவர்கள் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு பள்ள டேப்புக்குத் தனித்தனியாக வாங்க வேண்டும். அளவும் பள்ள எண்ணிக்கையும் இரண்டுமே பொருந்தவேண்டும் என்பதால், முறிந்த டேப்பின் மேல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகவேண்டும். எம்8-க்கு வாங்கினேன், நுழையவில்லை என்று புலம்புவோரின் பாதித் தவறு மூன்று பள்ளத்துக்கு நான்கு விரல் வாங்கியதாக இருக்கும். விரல்கள் வளைந்தால் தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய நல்ல குணம். விலை சற்று உறைக்கும்.

முறை முக்கியம். முதலில் பள்ளங்களில் அடைத்திருக்கும் சீவலை வெளியேற்ற வேண்டும். காற்று அடித்து, ஊசியால் கிளறி, மறுபடி காற்று. கண்ணாடி அணியாமல் குனிந்து பார்க்க வேண்டாம். பிறகு தண்டின் முனை டேப்பைத் தொடும்வரை இறக்கி, விரல்களை அடிவரை தள்ளி, வெளி வளையத்தை ஹெட்டின் முகத்தில் உட்காரும்வரை கீழே கொண்டுவர வேண்டும். இந்த வளையம் விரல்களை வெளியே வளையாமல் பிடித்துக்கொள்வது. வளையத்துக்கும் டேப்புக்கும் இடையே விரல் துணையின்றி நிற்கும் நீளம் கூடக்கூட விரல் முறுக்கிக்கொள்ளும். அதனால் முகப்பிலிருந்து ஆழத்தில் முறிந்த டேப்பில் வெற்றி குறைவு. எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாக ஆட்டினால் சிக்கிய சீவல் நொறுங்கி டேப் விடுபடும். முதல் முயற்சியிலேயே கழற்றும் திசையில் முழு பலம் கொடுத்தால் விரல்கள் பிரிபோல முறுக்கிய கம்பியாகத்தான் வெளியே வரும்.

எம்10, எம்8-க்கு வாங்கத் தகுந்தது. எம்6-க்கு விரல்கள் ஊசி கனம்தான். பக்கவாட்டு வளைவில் முறிந்த, இறுக்கமில்லாத டேப்பை மட்டும் எடுக்கும். அதற்குக் கீழே காசு விரயம். சுருள் பள்ளம் கொண்ட மெஷின் டேப்புக்கு நேரான விரல்கள் நுழையாது, அதை நினைக்கவே வேண்டாம்.

கார்பைடு பர், கார்பைடு ட்ரில்

டங்ஸ்டன் கார்பைடு எச்.எஸ்.எஸ்.ஸை வெட்டும் என்பது உண்மை. ஆனால் நொறுங்கும் பொருள். கையில் பிடித்த ட்ரில் மெஷினில் சாலிட் கார்பைடு பிட்டை மாட்டினால், கையின் இம்மி நடுக்கத்தில் அதுவும் முறிந்து, டேப்பைவிடக் கடினமான ஒன்று ஓட்டையில் சேர்ந்துவிடும். அதன் பிறகு ஸ்பார்க் எரோஷன்காரரின் வேலையும் கடினம். கார்பைடை எரிக்க எஃகைவிட நேரம் பிடிக்கும். ஹெட்டை மில்லிங் மெஷினில் அசையாமல் கட்டி, டேப்பின் அச்சுக்கு நேராக நிறுத்தி, 3 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லால் காற்று அடித்தபடி கொத்திக் கொத்தி இறக்குவதென்றால் அது நல்ல வழிதான். அந்த வசதி உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. காற்றில் ஓடும் பென்சில் கிரைண்டரில் பர் (சுழலும் சின்ன அரம்) மாட்டிக் கையால் தோண்டுவது, அலுமினிய ஹெட்டில் கடைசித் தேர்வாகக்கூட இருக்கக் கூடாது. பர் எப்போதும் மெத்தென்ற பக்கமே சாயும்.

படிகாரம் பற்றி ஒரு வார்த்தை

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைச் சுடுநீரில் கரையும் மட்டும் கரைத்து, கொதிநிலைக்கு அருகே வைத்திருந்தால் இரும்பைக் கரைக்கும், பித்தளையையும் அலுமினியத்தையும் அவ்வளவாகத் தொடாது. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்த எஃகுத் திருகை எடுக்கும் பழைய வழி இது. கார்புரேட்டர் உடல், வாட்டர் பம்ப் மூடி போன்ற சின்ன அலுமினியப் பாகத்தைத் தனியாகக் கழற்றி ஊறவைக்க முடிந்தால் செய்து பாருங்கள். மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும். முழு ஹெட்டை முக்கக் கூடாது. வால்வ் சீட், வால்வ் கைடு, லொக்கேட்டிங் டவல் (ஹெட்டை இடத்தில் நிறுத்தும் முளை) எல்லாம் பெரும்பாலும் இரும்பு வகை. அவற்றையும் சேர்த்து அரிக்கும். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு அறவே ஆகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டட் கரையாது.

ஸ்பார்க் எரோஷன் சேவை

என் மதிப்பீட்டில் முதலிடம் இதற்குத்தான். கடினமான துண்டு அலுமினியத்துக்குள் முறிந்துவிட்டது என்று தெரிந்த நிமிடமே, வேறு எதையும் முயலாமல் இங்கே போவது மலிவு. இந்தத் தொழில்நுட்பம் பிறந்த கதையே இதற்குச் சான்று: 1940-களில் அமெரிக்காவில் ஹெரால்டு ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் என்ற மூவர் அலுமினிய வார்ப்புகளில் முறிந்த ட்ரில்லையும் டேப்பையும் எடுப்பதற்காகவே தங்கள் இயந்திரத்தை உருவாக்கினார்கள். அதே காலத்தில், 1943-இல், சோவியத் ஒன்றியத்தில் லசரெங்கோ தம்பதியர் மின்பொறியால் உலோகம் அரிபடுவதை ஆராயப்போய்த் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வேலை எளிது. குழாய் வடிவச் செம்பு அல்லது பித்தளை எலக்ட்ரோடு டேப்பைத் தொடாமல் மயிரிழை தூரத்தில் நிற்கிறது. இடையில் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயோ, சின்ன இயந்திரங்களில் தண்ணீரோ ஓடுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் பொறி பறந்து ஒவ்வொன்றும் இம்மி உலோகத்தை உருக்கி எடுக்கிறது. கடினம் இங்கே கணக்கிலேயே இல்லை. மின்சாரம் கடத்தினால் போதும். முறுக்கும் இல்லை, அழுத்தமும் இல்லை.

டேப் முழுவதையும் எரிக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் அழகு. நடுத்தண்டை மட்டும் எரித்தால், மரைக்குள் நிற்கும் பற்கள் ஒன்றோடொன்று தொடர்பற்று மூன்று நான்கு சில்லுகளாகக் கழன்றுவிடும். ஊசியாலும் காந்தத்தாலும் எடுத்துவிடலாம். ஆகவே எலக்ட்ரோடு நடுத்தண்டைவிடச் சற்றுப் பெரிதாகவும், மரையின் உள்விட்டத்தைவிட நன்கு சிறியதாகவும் இருக்க வேண்டும். எம்6-க்கு 2.5 முதல் 3 மி.மீ., எம்8-க்கு 3.5 முதல் 4 மி.மீ. பொருத்தம். எரிந்த ஓட்டை எலக்ட்ரோடைவிடச் சற்றுப் பெரிதாகவே வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஈஸி அவுட்டில் பள்ளம் இல்லாததால் சில்லாகப் பிரியாது. நடுவில் எரித்து மெலிதாக்கி நொறுக்கலாம், அல்லது சதுர எலக்ட்ரோடால் சதுர ஓட்டை எரித்து, ஆப்பாக இறுகியிருப்பதை வலப்பக்கம் திருப்பித் தளர்த்தலாம். அது இடப்பக்கப் புரி என்பதை மறந்து இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

நல்ல ஆளா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: எலக்ட்ரோடை எதற்கு நேராக நிறுத்துவீர்கள்? ஹெட்டின் முகத்துக்குச் செங்குத்தாக என்று சொன்னால் யோசியுங்கள். டேப் பெரும்பாலும் சாய்வாக இறங்கியதால்தான் முறிந்திருக்கும். முகத்துக்குச் செங்குத்தாக இறங்கும் எலக்ட்ரோடு அடியில் டேப்பைவிட்டு விலகி மரைச் சுவரைத் தொடும். அலுமினியம் எஃகைவிட வேகமாக எரிவதால் ஒரு பக்க மரை கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். டேப்பின் சாய்வைப் பார்த்து அதற்கேற்ப ஹெட்டைச் சாய்த்துக் கட்டுபவரே கைதேர்ந்தவர்.

கோவை, ஓசூர், சென்னையில் அம்பத்தூர், கிண்டி பக்கம் டூல் ரூம்கள் (அச்சும் கருவியும் செய்யும் பட்டறைகள்) நிறைய. அங்கெல்லாம் தொட்டி வைத்த பெரிய இயந்திரம் இருக்கும்; கழற்றிய ஹெட் அதில் உட்காரும். அச்சு வார்ப்பு வேலைக்கு நடுவே இதற்கு நேரம் ஒதுக்குவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். முழு பிளாக்கைத் தூக்கிப்போக முடியாதவர்களுக்குக் கையடக்க இயந்திரத்தோடு வண்டி நிற்கும் இடத்துக்கே வருபவர்கள் தேவை. இதில் கவனிக்கவேண்டியது பிடிமானம். காந்த அடி வைத்த இயந்திரம் வார்ப்பிரும்பில் கெட்டியாக நிற்கும், அலுமினியத்தில் நிற்காது. பக்கத்து போல்ட் ஓட்டைகளில் ஒரு இரும்புத் தகட்டை இறுக்கி, அதன்மேல் காந்தத்தை வைக்கிறாரா என்று பாருங்கள். சி-கிளாம்பில் தொங்கவிட்டு வேலை செய்பவரிடம் ஹெட்டைக் கொடுக்க வேண்டாம். வண்டியிலேயே செய்தால் இங்கும் பேட்டரி இணைப்பு கழன்றிருக்க வேண்டும். எர்த் கிளிப் ஓட்டைக்குப் பக்கத்திலேயே உலோகத்தில் கடிக்க வேண்டும்.

கட்டணம் பொதுவாக ஓட்டையின் விட்டத்தையும் சிக்கிய துண்டின் நீளத்தையும் பொறுத்தது. துண்டு எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் பேரம் சுலபம். முறிந்த மேல் துண்டையும் அதே வகை முழு டேப்பையும் பக்கத்தில் வைத்து அளந்தால் உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்லலாம். அதனால் முறிந்த துண்டை எறியாதீர்கள். கூடவே பொருத்தமான புதிய போல்ட் ஒன்றையும், பக்கத்து ஓட்டையின் ஆழ அளவையும் எடுத்துப் போங்கள். அடிப்பக்கம் மூடிய ஓட்டையா, பின்னால் தண்ணீர்ப் பாதையோ ஆயில் பாதையோ இருக்கிறதா என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்6 அளவில் 15, 20 மி.மீ. துண்டென்றால் அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை ஆகலாம்.

இந்தச் சேவையின் குறையும் சொல்லவேண்டும். யாரும் கை வைக்காத டேப் சுலபம். பஞ்ச் வைத்து அடித்து நொறுக்கிய டேப்தான் தொல்லை. தளர்ந்த சில்லு எலக்ட்ரோடுக்கும் சுவருக்கும் நடுவே ஆடும்போது ஷார்ட் ஆகி இயந்திரம் பின்வாங்கும், வேலை நகராது. ஆழத்தில் கழிவு வெளியேறாமல் தேங்கினாலும் அதே நிலை. இப்படி ஒரு மணி வேலை அரை நாளாகும்போது கட்டணம் ஏறுவதற்குப் பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, எரிப்பில் வரும் கருப்புச் சேறு. அது உலோகப் பொடி. ஆயில் பாதைக்குள் இறங்கினால் பேரிங்கைத் தின்னும். வேலை தொடங்கும் முன்பே கிரீஸ் தோய்த்த துணியால் பக்கத்து ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். முடிந்ததும் மண்ணெண்ணெய் விட்டு, காற்று அடித்து, மறுபடி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பல பட்டறைகள் வாடிக்கையாளரிடமே விட்டுவிடுகின்றன. கேட்டு வாங்குங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள்.

எடுத்த பிறகு

ஓட்டை காலியானதும் புது டேப்பை மாட்டி அதே அழுத்தத்தில் இறக்குவதுதான் அடுத்த விபத்து. டேப் ஏன் முறிந்தது என்று முதலில் பாருங்கள். மூடிய ஓட்டையில் சீவல் அடியில் தேங்கி முட்டியிருக்கலாம். ட்ரில் அளவு சிறிதாகப் போயிருக்கலாம். அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னால் திருப்பிச் சீவலை உடைக்காமல் விட்டிருக்கலாம். ஸ்பேனரால் ஒற்றைப் பக்கம் இழுத்திருக்கலாம். பழைய மரையைச் சுத்தம் செய்வது மட்டுமே நோக்கமென்றால் வெட்டும் டேப்பே தேவையில்லை. பழைய போல்ட் ஒன்றில் நீளவாக்கில் இரண்டு மூன்று பள்ளம் அறுத்து, பிசிறு நீக்கி, எண்ணெய் தடவிக் கையால் இறக்கினால் அழுக்கு வந்துவிடும், மரை தேயாது. புதிதாக வெட்டத்தான் வேண்டுமென்றால் பெயரறிந்த டேப்பாக வாங்குங்கள். சென்னையின் அடிசன், ஃபோர்ப்ஸின் டோட்டம் போன்றவை எளிதாகக் கிடைக்கின்றன. முதல், இரண்டாம், மூன்றாம் டேப் கொண்ட செட்டாகவே வாங்கி வரிசைப்படி இறக்குங்கள்.

மரை பாதிக்கு மேல் போயிருந்தால் ஹெலிகாயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள். எம்6-க்கு 6.3, எம்8-க்கு 8.3 மி.மீ. என்று செட்டிலேயே ட்ரில் இருக்கும்; அதற்கான தனி டேப்பால் மரை வெட்டி, ஸ்டெயின்லெஸ் சுருளை முகப்பிலிருந்து அரைச் சுற்று கீழே நிற்கும்படி இறக்க வேண்டும். அலுமினியத்தில் சுருளின் நீளம் போல்ட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். ஓட்டை ஆழம் அனுமதித்தால் இரண்டு மடங்கு. அடியிலுள்ள கொக்கியைத் தட்டி உடைத்ததும் அந்தச் சின்னத் துண்டைக் காந்தத்தை நம்பித் தேடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் சரியாக ஒட்டாது. நுனியில் கிரீஸ் தடவிய கம்பியால் எடுத்து, கையில் பார்த்த பிறகே அடுத்த வேலை. ஹெட் போல்ட் ஓட்டை போல முழு டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) விழும் இடத்துக்குச் சுருளைவிட டைம்-சர்ட் போன்ற கெட்டிப் புஷ் நல்லது, விலை கூடினாலும்.

போல்ட்டை மாட்டும் முன்பு மூடிய ஓட்டையின் அடியில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தேங்கியிருக்கிறதா என்று முறுக்கிய துணியை விட்டுப் பாருங்கள். திரவம் அமுங்காது. அதன்மேல் போல்ட்டை இறுக்கினால் டார்க் ரென்ச் 'டிக்' என்று சொல்லும், போல்ட் உட்கார்ந்திருக்காது. இன்னும் இறுக்கினால் ஓட்டையின் அடி விரிசல் விடும். துணி உலர்ந்து வெளியே வந்தால், புதுப் போல்ட்டைக் கேஸ்கட் இல்லாமல் விரலால் மட்டும் திருப்பி முழு ஆழத்துக்கு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஹெட்டை ஏற்றலாம்.